ஞாயிறு மலரில் வந்த படம் அந்த வாட்ச் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மலரில் விலை உயர்ந்த கைக்கடிகாரங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 115 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கதையைச் சொல்லிவிட்டு பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது டேடோனாதான், பழைய காலத்து டேடோனாதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பால் நியூமேன் டேடோனா இல்லை. ஒன்பது மணி வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் 20, 40, 60 என்று எண்கள் இருக்கின்றன. பால் நியூமேன் டயல் என்றால் அங்கே 15, 30, 45, 60 என்று இருக்க வேண்டும். "இத்துனூண்டு படத்துல இதை எப்படிப்பா பார்த்தீங்க" என்று என் மகள் கேட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் வாட்ச் ரிப்பேர் பார்த்தவன் நான், எந்த வாட்ச் ஆனாலும் கண் முதலில் டயலுக்குத்தான் போகும்.

படம் மாறிப் போனது பெரிய குற்றம் இல்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது கட்டுரையின் கடைசி வரி. ஹாலிவுட் நடிகர் கையில் கட்டியிருந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஒரு எவர்சில்வர் வாட்சுக்கு இவ்வளவு விலை என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த டயலில் இருக்கிறது, அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையால் நம் வாசகர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 115 கோடிக்கு வாட்ச் வாங்குவது சரியா தப்பா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பேச வந்தது டயலைப் பற்றி, அதை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதைப் பற்றி.

முதலில் அந்த வாட்சைச் சொல்லிவிடுகிறேன். ரோலெக்ஸ் இந்த மாடலை 1963-ல் கொண்டுவந்தது. காஸ்மோகிராஃப் என்பது அதன் பெயர், அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கும் டேடோனா கார் பந்தய மைதானத்தின் பெயர் அப்புறம் ஒட்டிக்கொண்டது. 37 மில்லிமீட்டர் அகலம்தான், இன்றைக்குப் பையன்கள் கட்டுகிற வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும். ஸ்டீல் கேஸ், சுற்றி இருக்கிற வளையத்தில் வேகம் கணக்குப் போடுவதற்கான எண்கள், வலது பக்கம் ஸ்டாப்வாட்சை ஓட்டவும் நிறுத்தவும் இரண்டு பட்டன். உள்ளே ஓடுவது வால்ஜூ 72 என்கிற மிஷினை அடிப்படையாக வைத்துச் செய்தது. நல்ல மிஷின், சுத்தமான மிஷின், ஆனால் அது ரோலெக்ஸின் சொந்த மிஷின் இல்லை. அதே வால்ஜூ 72 ஹியூர் கரேராவிலும் இருந்தது, வேறு பல கம்பெனி வாட்சுகளிலும் இருந்தது. ஆக மிஷினுக்காக இந்த விலை இல்லை. ஸ்டீலுக்காகவும் இல்லை, தங்கத்தில் செய்தால்தான் விலை என்று நாம் நினைக்கிறோம், வாட்ச் உலகத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

விற்கவே விற்காத வாட்ச் அது. இதைக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். அறுபதுகளில் கடைக்காரர்கள் இதை வாங்கி வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தினமும் சாவி கொடுக்க வேண்டும், தேதி கிடையாது. 1969-ல் ஜெனித்தும், ஹியூரும் பிரைட்லிங்கும் சேர்ந்தும், ஜப்பானில் சீகோவும் சாவி கொடுக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் ஸ்டாப்வாட்சுகளைக் கொண்டுவந்தபோது டேடோனா இன்னும் பழசாகிப் போனது. டேடோனாவுக்கு ஆட்டோமேட்டிக் மிஷின் வந்தது 1988-ல்தான், அதுவும் ஜெனித் மிஷினை வாங்கித் திருத்திப் போட்டது.

விற்காத அந்த வாட்சிலேயே இன்னும் விற்காத ஒரு வகை இருந்தது. சாதாரண டேடோனாவில் டயல் ஒரு நிறம், அதில் மூன்று சின்ன வட்டங்கள் இன்னொரு நிறம், அவ்வளவுதான். அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரைக்கும் சில வாட்சுகளில் மட்டும் வேறு மாதிரி ஒரு டயல் போட்டார்கள். சிங்கர் என்ற சுவிஸ் டயல் கம்பெனி செய்தது, நம் வீட்டுத் தையல் மிஷின் சிங்கர் இல்லை, இது வேறு. அந்த டயலில் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் ஒரு படி கீழே இறங்கியிருக்கும், அந்த வளையத்துக்கு டயலிலிருந்து மாறுபட்ட நிறம். நியூமேனின் வாட்சில் வெளிர் நிற டயல், கறுப்பு வட்டங்கள், ஓரத்தில் கறுப்புப் பட்டை மேல் சிவப்புக் கோடுகள். சின்ன வட்டங்களுக்குள் இருக்கும் எண்கள் பழைய சினிமா தியேட்டர் முகப்பில் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி நீட்டிச் செதுக்கிய எழுத்து. கோடுகளின் முனையில் குட்டிக் குட்டியாய்ச் சதுரங்கள். எக்சாட்டிக் டயல் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ரோலெக்ஸ் வாங்குகிறவர் கம்பீரமாக ஒன்று கேட்பார், இது அவர் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

அந்த ஆகாத டயலில் ஒன்றைத்தான் ஜோன் உட்வர்ட் தன் கணவருக்கு வாங்கிக் கொடுத்தார். சுமார் 250 டாலர். 1969-ல் வெளிவந்த ஒரு கார் பந்தயப் படத்துக்காக நியூமேன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்தப் பைத்தியம் பிடித்து, நிஜமாகவே பந்தயக்காரர் ஆகிவிட்டார். பெயருக்கு ஓட்டியவர் இல்லை, 1979-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய கார் இரண்டாவதாக வந்தது. மனைவிக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும். வாட்சின் பின்மூடியில் அவர் செதுக்கிக் கொடுத்தது மூன்றே சொற்கள், நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் "பார்த்து ஓட்டுங்க, நான்". பெயர் கூடப் போடவில்லை, "நான்" என்றால் அவருக்குத் தெரியாதா.

1984-ல் நியூமேனின் மகள் நெல்லுடன் பழகிவந்த ஜேம்ஸ் காக்ஸ் என்ற பையன் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரத்தின் மேல் இருந்த பழைய மரவீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். நியூமேன் மணி கேட்டிருக்கிறார், என்னிடம் வாட்ச் இல்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். உடனே கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்து, தினமும் சாவி கொடுத்தால் நேரம் ஓரளவு சரியாகக் காட்டும் என்றாராம். அவனும் சாதாரண வாட்ச் மாதிரி கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். அதைத்தான் 2017 அக்டோபர் 26-ல் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் கம்பெனி ஏலம் விட்டது. 12 நிமிஷம் போல ஏலம் நடந்தது. கமிஷனோடு சேர்த்து 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர். அதில் ஒரு பங்கு நெல் நியூமேனின் அறக்கட்டளைக்குப் போனது.

சரி, நடிகர் கட்டியதால்தானே இந்த விலை என்பீர்கள். அவர் பெயர் இல்லாமல் இந்தத் தொகை வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துப் பாருங்கள்.

எண்பதுகளில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள்தான் இந்த டயலைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். நியூமேன் கையில் இந்த வகை இருந்த போட்டோக்களை வைத்து இதற்குப் பால் நியூமேன் டயல் என்ற பெயர் நிலைத்தது. அவருடைய சொந்த வாட்ச் எங்கே இருக்கிறது என்று வெளியில் யாருக்கும் தெரியாத அந்த முப்பது வருஷமும், அவர் தொட்டே இராத, யார் யாரோ கட்டிப் பெட்டியில் போட்டு வைத்த வாட்சுகளின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒரே வருஷம் செய்தது, ஒரே கேஸ், ஒரே மிஷின், டயல் மட்டும் மாறினால் விலை பல மடங்கு. அந்த மடங்கு முழுக்க டயலுக்குக் கிடைப்பது.

இன்னொன்று. 2020 டிசம்பரில் நியூமேனின் இன்னொரு டேடோனா அதே ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தது. அதுவும் மனைவி கொடுத்ததுதான், அதிலும் பின்பக்கம் எழுத்து உண்டு, "மெதுவா ஓட்டுங்கப்பா" என்று பொருள் வரும். அதுவும் வருஷக்கணக்கில் அவர் கட்டியதுதான், ஒரு மகளுக்குக் கொடுத்துவிட்டார். அது 54 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. பெரிய தொகைதான், ஆனால் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதில் இருந்தது சாதாரண டயல். முதல் வாட்ச் எங்கே என்று வெளியில் தெரியாமல் இருந்து வெளிவந்தது, அதன் கதை பெரிது, எல்லாம் சரி. ஆனாலும் நடிகர் ஒருவரே, மனைவி ஒருவரே, மாடலும் ஒன்றே எனும்போது, டயலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

நான் இதை ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. அந்த டயலை ட்வீசரில் பிடித்திருக்கிறேன்.

1979 கடைசியில் துபாய் போனேன். தேராவில் ஒரு வாட்ச் கடை, முன்னால் விற்பனை, பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் நாங்கள் நாலு மெக்கானிக். பெரியவர் கேரளத்துக்காரர், ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொட விடாமல் எதையும் நாங்கள் தொட மாட்டோம். 1981-ல் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், கடலில் எண்ணெய் எடுக்கிற வேலை, டேடோனா ஒன்றைக் கொண்டுவந்தார். சர்வீஸ் செய்ய வேண்டும், அப்படியே டயலையும் மாற்றிவிட வேண்டும், இது கண்ணைக் குழப்புகிறது, வெறும் கறுப்பு டயல் போதும் என்றார். கடையில் இருந்த சாதாரணக் கறுப்பு டயல் ஒன்று பொருந்தியது.

ஆசான் என்னைச் செய்யச் சொன்னார். டயல் மேல் கீறல் விழாமல் ஒரு செலோபேன் தாளை வைத்து முட்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மிஷினின் ஓரத்தில் இரண்டு குட்டி ஸ்க்ரூ, அதைத் தளர்த்தினால் டயல் தன் இரண்டு கால்களோடு எழுந்து வரும். கையில் வந்ததும் ஐ கிளாஸை, அதாவது கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடியை, மாட்டிப் பார்த்தேன். அதுவரைக்கும் டயல் என்றால் நம்பர் எழுதின தட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஓரத்து வளையம் நிஜமாகவே ஒரு படி கீழே இருந்தது, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் திருப்பிப் போட்ட மாதிரி. சின்ன வட்டங்களுக்குள் இசைத்தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாய் நுண்ணிய வரிகள், விளக்கைச் சாய்த்தால் அந்த வரிகளின் மேல் வெளிச்சம் விசிறி போலச் சுற்றும். ஒவ்வொரு கோட்டு முனையிலும் சதுரம், மணலை விடச் சின்னது, நாலு மூலையும் கூர்மை. மையில் ஒரு பிசிறு இல்லை. தகட்டில் வெட்டின எழுத்திலிருந்து மையை ஒரு மெத்தென்ற திண்டு எடுத்து வந்து டயலில் ஒத்துகிற அச்சு அது, பிரஷ் பிடித்து எழுதினால் வரவே வராது.

அந்த மனிதர் பழைய டயலை வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அதைப் போட்டு டிராயரில் வைத்தேன். நான் 1990-ல் ஊருக்குத் திரும்பினேன், அதற்குள் கடை இடம் மாறிவிட்டது, டிராயரில் இருந்த பழைய சாமான் எல்லாம் குப்பைக்குப் போனது. யாரையும் குறை சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதன் விலையைப் பின்னால் கேள்விப்பட்டபோது கூட எனக்கு நெஞ்சில் வந்தது பணம் இல்லை, விளக்கைச் சாய்த்தபோது சுற்றின அந்த வெளிச்சம்தான். உலகம் முழுக்கப் பல கடைகளில் இதேதான் நடந்தது, வாங்கினவர்கள் வேண்டாம் என்று கழற்றிப் போட்டார்கள். மிச்சம் இருப்பது குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு ஒரு கம்பெனி வேண்டுமென்றே அபூர்வமாக ஒரு டயலைச் செய்கிறது. படேக் பிலிப் 2021-ல் நாட்டிலஸ் ஸ்டீல் வாட்சில் டிஃபனி என்ற அமெரிக்க நகைக்கடையின் பச்சை கலந்த நீல நிறத்தில் ஒரு டயல் போட்டு 170 வாட்ச் மட்டும் செய்தது, இரண்டு கம்பெனிக்கும் 170 வருஷ உறவு என்பதற்காக. கடை விலை 52,635 டாலர், அதில் ஒன்று அந்த டிசம்பரிலேயே ஏலத்தில் 65 லட்சம் டாலரைத் தாண்டியது. அழகான நிறம்தான். ஆனால் எனக்கு அதன் மேல் மனசு போகவில்லை. எண்ணிச் செய்து எண்ணிக் கொடுத்தது அது. நியூமேன் டயல் யாரும் சீந்தாமல் கிடந்து, சர்வீஸ் மேஜைகளில் தப்பித்து, மாற்றப்படாமல், மேலே பெயிண்ட் அடிக்கப்படாமல் மிஞ்சி வந்தது.

பெயிண்ட் என்று சொன்னேன் அல்லவா, நான் வர வேண்டிய இடம் அதுதான்.

நம் ஊரில் அப்பாவின் வாட்சையோ தாத்தாவின் வாட்சையோ பெட்டியிலிருந்து எடுத்தால் முதல் வேலை டயலைப் புதுசாக்குவது. டயல் மஞ்சளடித்துவிட்டது, புள்ளி விழுந்துவிட்டது, பெயிண்ட் அடித்துக் கொடுங்கள். இந்த வேலை செய்கிறவர்கள் டயலின் மேல் இருக்கும் வார்னிஷையும் எழுத்தையும் மொத்தமாகக் கரைத்து எடுத்துவிட்டு, புதிதாக நிறம் அடித்து, தங்களிடம் இருக்கிற அச்சில் பெயரைப் போடுவார்கள். கம்பெனிப் பெயரின் எழுத்து தடிமனாகிவிடும், கோடு வளையும். சின்ன வட்டத்துக்குள் இருக்கிற வரிகள் பெயிண்ட்டில் மூழ்கிப் போகும். போனது போனதுதான், திரும்பி வராது. எச்.எம்.டி பைலட்டுக்கு ஆரஞ்சிலும் மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் டயல் அடித்து விற்கிறார்களே, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்து, பார்த்தவுடன் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நானும் அனுப்பியிருக்கிறேன், மறைக்கவில்லை. 1994 என்று நினைவு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வாட்சை அவருடைய மகன் கொண்டுவந்தார். ஃபேவர் லூபா, அவர் சர்வீசில் சேர்ந்த புதிதில் வாங்கியது. டயல் உருக்கின நெய் நிறத்துக்கு வந்திருந்தது, நாலு மணி பக்கத்தில் பழுப்பாக ஒரு பிறை. அறுபது வயது பூர்த்திக்கு அப்பாவுக்கு ஆச்சரியமாகக் கொடுக்கணும், புதுசு மாதிரி ஆக்கிடுங்கண்ணே என்றார். நான் சர்வீஸ் செய்துவிட்டு, டயலை மட்டும் வெளியூரில் பெயிண்ட் வேலை செய்கிற ஒருவருக்கு அனுப்பினேன். வெள்ளை வெளேரென்று வந்தது. மகனுக்குப் பரம சந்தோஷம்.

பத்து நாள் கழித்துப் பெரியவரே கடைக்கு வந்தார். கோபம் இல்லை, கத்தவில்லை. வாட்சைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, இது ஓடுது, ஆனா இது என் வாட்ச் இல்லியே" என்றார். அந்தப் பழுப்புப் பிறை, ஒரு ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்தில் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு காவிரியில் இறங்கியபோது தண்ணீர் புகுந்து விழுந்த கறையாம். வாட்சைக் கழற்ற மறந்துவிட்டு இறங்கியிருக்கிறார். மணி பார்க்கும்போதெல்லாம் அது கண்ணில் படும் என்றார். என்னிடம் பதில் இல்லை. டயலைத் திரும்பக் கொண்டுவர வழியும் இல்லை. அன்றைக்குப் பிறகு என் கடையிலிருந்து ஒரு டயல் கூடப் பெயிண்ட்டுக்குப் போகவில்லை. இதனால் எத்தனையோ வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெரியவரின் ஃபேவர் லூபாவுக்கும் 115 கோடி வாட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சேகரிப்பாளர்கள் ஐ கிளாஸ் போட்டுக்கொண்டு தேடுவதும் அவர் தேடினதும் ஒன்றுதான், அவருக்கு ஐ கிளாஸ் தேவைப்படவில்லை. வெயில் பட்டுக் கறுப்பு டயல் பழுப்பாகிவிட்டால் அதற்கு டிராபிக்கல் என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் வந்த டேடோனாக்கள் சிலவற்றில், மேலே பூசின வார்னிஷ் சரியில்லாமல் சின்ன வட்டங்களின் வெள்ளி வளையங்கள் பழுப்பாக மாறின. கம்பெனிக் கணக்கில் அது குறை. ஏலக்காரர் ஒஸ்வால்டோ பாட்ரிட்ஸி அதைக் கவனித்துச் சொன்ன பிறகு அதற்குப் பாட்ரிட்ஸி டயல் என்று பெயரே வந்துவிட்டது, குறை இல்லாத டயலை விட அதற்கு விலை அதிகம். நாமோ மஞ்சள் விழுந்தால் கரைத்து ஊற்றுகிறோம்.

ரேடியம் விஷயமும் அப்படித்தான். நம் கடைகளில் இருட்டில் ஒளிரும் எல்லாவற்றுக்கும் ரேடியம் என்றுதான் பெயர். இந்தப் பழைய டேடோனாக்களில் இருப்பது டிரிடியம், ஆறு மணிக்குக் கீழே ஸ்விஸ் என்ற சொல்லின் இரண்டு பக்கமும் டி என்ற எழுத்து அதற்கான அடையாளம். பன்னிரண்டு வருஷம் சொச்சத்தில் அதன் சக்தி பாதியாகும், அடுத்த பன்னிரண்டில் அதில் பாதி. 1968-ல் பூசியது இன்றைக்கு இருட்டில் ஒளிராது, ஒளிரவும் கூடாது. பிரகாசமாக ஒளிர்ந்தால் யாரோ பின்னால் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் வாட்ச் வாங்குகிறவர் "நைட்ல தெரியலையே" என்பார், உடனே மெக்கானிக் பச்சையாக எதையாவது எடுத்து அப்பிவிடுவார்.

இதைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது பழைய வாட்ச் இருந்தால், என்ன கம்பெனியாக இருந்தாலும் சரி, மிஷினை மட்டும் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். "டயலைத் தொடக்கூடாது, ரேடியம் பூசக்கூடாது, கேஸுக்குப் பாலிஷ் போடக்கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றின பழைய பார்ட்ஸ் எல்லாவற்றையும், தேய்ந்த சக்கரமாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். டயலில் தூசி இருந்தால் ரப்பர் பல்பால் ஊதினால் போதும், ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து கையோடு வந்துவிடும், என் கண் முன்னால் வந்திருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே ஆவியாகிக் கண்ணாடியில் கோத்துக்கொண்டு மறுபடி டயல் மேல்தான் சொட்டும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை யாராவது பால் நியூமேன் டேடோனா சல்லிசாகக் கிடைக்கிறது என்று உங்களிடம் வந்தால் வாங்கிவிடாதீர்கள். சாதாரண டேடோனாவில் பின்னால் செய்த எக்சாட்டிக் டயலைப் போட்டு விற்பது பல வருஷமாக நடக்கிற வேலை. ஒரிஜினல் டயலை ஐ கிளாஸில் பார்த்துப் பழகின கண்தான் அதைப் பிடிக்கும், போனில் அனுப்புகிற போட்டோவில் பிடிக்க முடியாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். திருத்தம் போடுவதாக இருந்தால் நியூமேன் முகத்தைப் போட வேண்டாம், அந்த டயலை மட்டும் பாதிப் பக்கத்துக்குப் பெரிதாகப் போடுங்கள். ஒன்பது மணி வட்டத்தில் 15, 30, 45, 60 தெளிவாகத் தெரிய வேண்டும். கோட்டு முனையில் இருக்கிற சதுரங்களும் தெரிகிற அளவுக்கு நல்ல படம் கிடைத்தால் இன்னும் சந்தோஷம், என் மகளிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாட்ச் மெக்கானிக்,
திருச்சி.